குரோம்பேட்டையில் சொல் பிரித்தவர்கள்

இணைய ஆராய்ச்சி மையம்னா அமெரிக்காவுலதான் இருக்கணுமா என்ன? சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலேயே ஒண்ணு இருக்கு மக்களே. ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம்.

1949-ல் சி.ராஜம் தொடங்கிய கல்லூரி எம்.ஐ.டி. அப்துல் கலாமும் நம்ம சுஜாதாவும் படிச்ச இடம். அங்கே படித்த கே.பி.சந்திரசேகர், 1994-ல் அமெரிக்காவில் பி.வி.ஜெகதீஷோடு சேர்ந்து எக்ஸோடஸ் கம்பெனியை ஆரம்பிச்சார். பிறகு அவர் ஆதரவில், அண்ணா பல்கலையோடு கைகோத்து உருவானதுதான் இந்த மையம். டாட்காம் குமிழி உடைஞ்சு 2001 செப்டம்பரில் எக்ஸோடஸ் திவால். மையம் நிலைச்சுது.

அங்கே என்ன வேலை? எங்க ஊரையே எடுத்துக்குங்க. 'நாரணாபுரம்'னு தேடினா, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுற மெஷினுக்கு 'நாரணாபுரத்திலிருந்து' சிக்காது. 'ம்' போய் 'த்து' வந்துடுதே! வேர்ச்சொல், சாரியை, உருபுன்னு பிரிக்க அதுக்குச் சொல்லிக்கொடுக்கணும். பேராசிரியர் சி.என்.கிருஷ்ணன் இயக்குநரா இருந்த காலத்திலேயே மொழியியல்காரங்களும் கணினிக்காரங்களும் ஒண்ணா உட்கார்ந்து இதைச் செஞ்சாங்க. சோபா லலிதா தேவியின் குழு அந்த வேலையில் முக்கியமானது. 2005-ல் சென்னை சி-டாக்கோடு சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தையும் நடத்தினாங்க.

பட்டாசு வெடிச்சா ஊரே திரும்பிப் பார்க்கும். மருந்து அடைச்ச கையை யாரும் பார்க்கிறதில்ல. இவங்க கதையும் அதேதான். குமிழி உடைஞ்சதைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. அதுல தமிழுக்கு மிஞ்சினதைப் பத்தியும் நாலு வரி இருக்கட்டுமேன்னுதான் இந்தப் பதிவு.