ஒரே டிஎன்ஏ... ஆனால் கண் வேறு, கல்லீரல் வேறு! மரபணுக்களின் 'சுவிட்ச்' யார் கையில்?

உங்கள் கண்ணில் உள்ள செல்லிலும் கல்லீரலில் உள்ள செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். சுமார் 300 கோடி எழுத்து ஜோடிகள், புரதம் தயாரிக்கும் சுமார் 20,000 மரபணுக்கள். அப்புறம் எப்படி ஒன்று வெளிச்சத்தை உணர்கிறது, இன்னொன்று பித்தநீரைச் சுரக்கிறது?

எந்த மரபணு 'ஆன்', எது 'ஆஃப்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த சுவிட்சைப் புரிந்துகொண்டதன் பலனாக, அரிவாள் செல் ரத்தசோகைக்கு ஒரு புதிய சிகிச்சையே வந்துவிட்டது. நீலகிரி பழங்குடி மக்களிடமும் காணப்படும் நோய் இது. முழு விவரத்தையும் பார்க்கலாம்.

மரபணு 'ஆன்' ஆவது என்றால் என்ன?

மரபணு என்பது ஒரு செய்முறைக் குறிப்பு. அதைப் பார்த்து செல் முதலில் ஆர்என்ஏ என்ற நகலை எடுக்கும். அந்த நகலை வைத்துத்தான் புரதம் தயாராகும். நகல் எடுத்தால் மரபணு ஆன், எடுக்காவிட்டால் ஆஃப். அவ்வளவுதான்!

மரபணுக்களை இப்படி ஆன், ஆஃப் செய்ய தனிப் புரதங்கள் உண்டு என்பதை 1961-ல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் ஃபிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகியோர் பாக்டீரியா ஆய்வுகள் மூலம் விளக்கினார்கள். 1965-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்பது எது?

டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, 'இங்கே நகல் எடு' அல்லது 'எடுக்காதே' என்று முடிவு செய்யும் புரதங்களுக்குத்தான் இந்தப் பெயர். தமிழில் படியெடுத்தல் காரணிகள். மனித உடலில் இவை சுமார் 1,600 இருக்கின்றன. கல்லீரல் செல்லில் ஒரு கூட்டணி வேலை செய்யும், கண் செல்லில் வேறொரு கூட்டணி. அதனால்தான் ஒரே டிஎன்ஏவில் இருந்து இத்தனை விதமான செல்கள்.

300 கோடி எழுத்துகளில் சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இங்கேதான் புரதத்தின் வடிவம் முக்கியமாகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அது மடங்கி ஒரு வடிவத்துக்கு வந்த பிறகுதான் வேலையே செய்யும்.

உதாரணமாக, 'ஜிங்க் ஃபிங்கர்' என்ற அமைப்பை எடுத்துக்கொள்வோம். சுமார் 30 அமினோ அமிலங்கள் ஒரு துத்தநாக அணுவைச் சுற்றி மடங்கி, விரல் போல நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த விரல் டிஎன்ஏவின் பள்ளத்துக்குள் நுழைந்து, பொதுவாக மூன்று எழுத்துகளைத் தடவிப் பார்க்கும். பக்கத்தில் இன்னும் சில விரல்கள் சேர்ந்தால் நீளமான 'சொல்லையே' படித்துவிடலாம். பூட்டுக்குச் சாவி மாதிரி, எழுத்து பொருந்தினால் ஒட்டும். இல்லையென்றால் நகர்ந்துவிடும்.

பிறந்த பிறகு அணையும் மரபணு

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் இருப்பது 'கரு ஹீமோகுளோபின்'. பிறந்த சில மாதங்களில் இது குறைந்து, பெரியவர்களுக்கான ஹீமோகுளோபின் அந்த இடத்துக்கு வருகிறது. பழைய மரபணு எங்கும் போய்விடவில்லை, அணைக்கப்படுகிறது.

அணைப்பது பிசிஎல்11ஏ என்ற புரதம். இதுவும் ஜிங்க் ஃபிங்கர் வகைதான். கரு ஹீமோகுளோபின் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறு எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு அதை முடக்கிவிடும். ஹார்வர்டைச் சேர்ந்த விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழு இந்தப் புரதத்தின் பங்கை 2008-ல் வெளியிட்டது.

இதுல ஆச்சரியம் என்னன்னா, சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கும். பிசிஎல்11ஏ அங்கே ஒட்ட முடியாது. அவர்கள் வளர்ந்த பிறகும் கரு ஹீமோகுளோபின் தொடர்ந்து உற்பத்தியாகும். அதனால் அவர்களுக்குப் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை!

அரிவாள் செல் நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்த நோயில் பெரியவர்களுக்கான ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிவிடுகிறது. அதனால் 6-வது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடும். ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாராக நீளும். சிவப்பணு அரிவாள் போல வளைந்து, ரத்தக் குழாயை அடைக்கும். தாங்க முடியாத வலி வரும், உறுப்புகளும் பாதிக்கப்படும்.

ஆனால் பிறந்த குழந்தைகளுக்கு இந்த அறிகுறிகள் தெரிவதில்லை. கரு ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று 1948-லேயே அமெரிக்க மருத்துவர் ஜேனட் வாட்சன் சுட்டிக்காட்டினார். அப்படியானால், அணைந்த அந்த மரபணுவை மறுபடி எரிய வைத்தால்?

சுவிட்சை மாற்றிய சிகிச்சை

அதைத்தான் 'காஸ்ஜெவி' செய்கிறது. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற 'மரபணு கத்தரிக்கோல்' மூலம் மாற்றி, மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு அனுமதி கொடுத்தன. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து 12 மாதங்களாவது கடும் வலி நெருக்கடி வரவில்லை.

பிசிஎல்11ஏ மரபணுவையே வெட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. மூளை வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்பு செல்களுக்கும் அது தேவை. எனவே, சிவப்பணுவாக மாறும் செல்களில் மட்டும் அந்த மரபணுவைத் தூண்டும் பகுதியை வெட்டுகிறார்கள். கேட்டா1 என்ற இன்னொரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் வந்து ஒட்டும் இடம் அது. வீட்டு மெயினை அணைக்காமல், ஒரே ஒரு அறையின் சுவிட்சை மட்டும் அணைப்பது போல!

நம்ம ஊரில் என்ன நிலை?

இந்தியாவில் அரிவாள் செல் தன்மை இருப்பது முதலில் பதிவானது 1952-ல், நீலகிரி பழங்குடி மக்களிடம். 2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் தேசிய திட்டம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிப்பது இலக்கு.

காஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அதற்கு முன் கடுமையான கீமோதெரபியும் தேவை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது எட்டாத தூரம். இப்போதைக்குக் கைகொடுப்பது ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை. விலை குறைவான இந்த மருந்தும் கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. ஆனால், மருத்துவர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். தாய், தந்தை இருவருமே இந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால், திருமணத்துக்கு முன்போ கர்ப்பத்தின் தொடக்கத்திலோ ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.