விறலிக்கு வழி சொன்னவள்

பெங்களூரில் ஒரு காப்பிக் கடையின் மாடி. ஒரு மைக், ஆளுக்கு ஐந்து நிமிடம், பெயர் கொடுத்தவர் எவரும் வாசிக்கலாம். இரவு ஒன்பதரைக்கு என் முறை வந்தது. இரண்டு கவிதைகள் வாசித்துவிட்டு இறங்கினேன். முதலில் வந்தவர் கேட்டார்: "தனியாவா வந்தீங்க மேடம்?" கவிதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொச்சி, ஐதராபாத், புனே என்று ஓப்பன் மைக் தேடிப் போன ஊர்களிலெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு முன்னே போய்க் காத்திருந்தது.

சங்க இலக்கியம் நடத்துகிறவள் நான். ஊர் ஊராகப் போய் நிகழ்த்திய பெண் நம் மரபுக்குப் புதியவள் இல்லை என்று தெரியும். அவள் பெயர் விறலி. ஆற்றுப்படைக்கு இலக்கணம் சொல்லும் தொல்காப்பியம் கூத்தர், பாணர், பொருநரோடு அவளையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆனால் பத்துப்பாட்டைத் திறந்தால் பொருநருக்கு ஒன்று, பாணருக்கு இரண்டு, கூத்தருக்கு ஒன்று என நெடும்பாட்டுகள் இருக்கின்றன. விறலியின் பெயரில் ஒன்றுமில்லை. சிறுபாணாற்றுப்படையில் அவள் வருகிறாள், கூந்தலும் பாதமுமாக வருணிக்கப்படுகிறாள். வழி மட்டும் பாணனுக்குச் சொல்லப்படுகிறது.

விறலியாற்றுப்படை என்ற துறை புறநானூற்றின் சிறு பாடல்களில் பிழைத்திருக்கிறது. கபிலர் பாடியிருக்கிறார், நெடும்பல்லியத்தனார் பாடியிருக்கிறார். நான் திரும்பத் திரும்பப் போவது 103ஆம் பாட்டுக்கு. பாடியவர் ஔவையார். வறண்ட வழியில் விறலி உட்கார்ந்திருக்கிறாள். ஒருபுறம் பதலை, மறுபுறம் சிறுமுழா தொங்கச் சுமந்து வந்தவள். கவிழ்ந்து கிடக்கும் தன் உண்கலத்தை நிமிர்த்துவார் யார் என்பது அவள் கவலை. ஔவை அவள் உடலைப் பற்றிச் சொல்வதெல்லாம் கையில் சில வளைகள் என்பது மட்டுமே. மற்றபடி கண்ணில் படுவது சுமையும் பசியும். பிறகு தகவல்: அதியமான் தொலைவில் இல்லை, பகைவர் நாட்டில் போர்முனையில் இருக்கிறான், பஞ்ச காலத்திலும் சோறு போட வல்லவன், போ.

இது அலைந்தவளின் பேச்சு. அதே அதியமான் பரிசில் தராமல் நாள் கடத்தியபோது, வாயிற்காவலனிடம் மூட்டை கட்டிவிட்டதாகச் சொல்லி, எந்தத் திசை போனாலும் தனக்குச் சோறு உண்டு என்று பாடியவளும் ஔவைதான் (புறம் 206). புகழவும் தெரிந்தது, கூலி கேட்கவும் தெரிந்தது.

18ஆம் நூற்றாண்டில் விறலிவிடு தூதுகள் பெருகின. அவற்றில் விறலி தன் கலைக்காகப் பயணம் போகவில்லை. தாசியிடம் பொருளை இழந்தவன் தன் மனைவியைச் சமாதானம் செய்ய அவளை அனுப்புகிறான். முழவு சுமந்து நடந்தவள் ஆணின் ஊடல் தீர்க்கும் தூதாகிப்போனாள்.

பெங்களூரிலிருந்து திரும்பிய வாரம் என் முன்னாள் மாணவி ஒருத்தி போனில் அழைத்தாள். முதல்முறையாக வெளியூர் மேடைக்குப் போகிறாள். "மேம், வீட்ல விடமாட்டேங்கிறாங்க. என்ன சொல்றது?"

வீட்டுக்கு என்ன சொல்வது என்று எனக்கும் இன்றுவரை தெரியாது. தெரிந்ததை எழுதி அனுப்பினேன். எந்த இடத்தில் ரயில் கட்டணம் தருவார்கள், எங்கே கைதட்டு மட்டும்தான். எங்கே பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறது. எந்தப் பேருந்து நிலையத்தில் இரவு பதினொன்றுக்கும் விளக்கு எரியும். எந்த ஊரில் யார் வீட்டில் தங்கலாம்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது, இதற்குத் துறை உண்டு என்று.