சுருங்கையும் தூம்பும்

குமரி மாவட்டத்துக்காரர்களிடம் சுரங்கம் என்றால் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சாரோட்டு அரண்மனைக்குப் போனதாகச் சொல்லப்படும் அடைபட்ட வழி. மற்றது, மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளும் இடம். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலில் மோனசைட்டைக் கண்டதால் வந்த தொழில். வானம் பார்த்துக் கிடக்கும் கடற்கரைக்கும் சுரங்கம் என்றே பேர். நெய்வேலியின் திறந்த குழிக்கும் அதேதான். சொல்லுக்குச் சரியாகப் பொருந்துவது அரண்மனை வழி மட்டுமே.

பழைய வடிவம் சுருங்கை. சிலப்பதிகார மதுரையில் சுருங்கை வீதி உண்டு; மணிமேகலையில் சுருங்கைத் தூம்பு வழியே நீர் ஓடுகிறது. அர்த்தசாஸ்திரம் சுருங்கா என்கிறது. மூலம் கிரேக்க 'சிரிங்க்ஸ்' என்பது அறிஞர் பலரின் முடிவு. அதன் பொருள் ஊதுகுழல். 'சுருங்கு' என்ற வினையிலிருந்து பிறந்தது என்போரும் உண்டு. குழல் என்ற பொருள் அதில் கிடைக்காததால் நான் அந்தப் பக்கம் சாயவில்லை. நம் தூம்பின் கதையும் இதேதான்: நீர்க்குழாய்க்கும் அந்தப் பேர், ஊதுகருவிக்கும் அந்தப் பேர்.

அந்தக் குழலைப் போலவே, காசர்கோட்டில் செம்பாறையைக் குடைந்து ஆள் நுழையும் அகலத்தில் நீர்ச்சுரங்கம் வெட்டுவார்கள். நீளமானவற்றில் 50, 60 மீட்டருக்கு ஒரு காற்றுக்குழியை மேலிருந்து இறக்குவார்கள். கோலார் தங்கவயலில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். ஒரு குழியில் காற்று இறங்கி இன்னொன்றில் ஏறாவிட்டால் யாரும் உயிரோடு நிற்க முடியாது. 2001 பிப்ரவரி 28இல் அந்தச் சுரங்கத்தை மூடினார்கள்.

இன்று அத்தகைய காற்றுக்குழியை வெடிவைக்காமலே துளைக்கலாம். மேலிருந்து சிறு துளை ஒன்றை அடித்தளம் வரை இறக்கி, கீழே அதன் நுனியில் பல மீட்டர் அகல வெட்டுத்தலையை மாட்டி, சுழற்றியபடி மேலே இழுக்கிறார்கள். நொறுங்கிய கல் தானாகவே கீழே கொட்டுகிறது. ராபின்ஸ் நிறுவனம் 1962இல் இதற்கான எந்திரத்தைக் கொண்டுவந்தது.

இந்தக் குழியைச் சில மொழிபெயர்ப்புகள் 'தண்டு' என்று எழுதுகின்றன. ஆங்கிலத்தில் இதற்குப் பேர் 'ஷாஃப்ட்'; அதைக் கேட்டதும் எந்திரத்தின் சுழல்தண்டு நினைவுக்கு வந்துவிடுகிறது போலும். தண்டு கெட்டியானது, இதுவோ வெறும் துளை. பாடநூல் எழுதுவோர் இதைக் 'காற்றுத்தூம்பு' என்றே எழுதட்டும்.