இரும்பைக் கேள்வி கேட்டவன்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கொல்லுப்பட்டறை ஒன்றின் வாயிலில் நின்று பாருங்கள். லாரியிலிருந்து கழற்றிய வில்பட்டை, தேய்ந்த அரம், உடைந்த கொழு, கட்டடக் கம்பி எனக் குவிந்து கிடக்கும் காயலான் கடைச் சரக்கு! நம் கண்ணுக்கு எல்லாம் துருப்பிடித்த இரும்புதான். கோடரி அடிக்கப் புகும் கொல்லனுக்கோ ஒவ்வொரு துண்டும் ஒரு வினா. விடை பிழைத்தால், வெட்டும்போது வாய் மடங்கும். அல்லது சில்லாய்த் தெறித்து, விறகு பிளப்பவன் கண்ணைப் பறிக்கும்.

இரும்பைச் சனிக்கிழமை வாங்கலாகாது என்பார் உண்டு. இரும்புக்குள் இருக்கும் கரி, கிழமை அறியுமோ? கொல்லன் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை, இரும்பையே கேட்கிறான்.

எப்படிக் கேட்கிறான்? துண்டொன்றைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்க்கிறான். பிறகு அரத்தால் உராய்கிறான். அரம் கடித்தால் அது மென்னிரும்பு. அரம் வழுக்கினால் அது உருக்கு. சாணைக்கல்லில் பிடித்தாலோ, மென்னிரும்பின் பொறி நீண்ட கீற்றாய் ஓடும். கரி மிகுந்த உருக்கின் பொறி பூப்பூவாய் வெடிக்கும்.

கட்டடக் கம்பி போன்ற மென்னிரும்பில் கரி 0.25 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே தோய்ச்சல் ஏறாது. அரத்திலோ ஒரு விழுக்காட்டையும் மிஞ்சும். கத்திக்கு ஆகும், கோடரியின் அடியைத் தாங்காது. வார்ப்பிரும்பில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல்; சம்மட்டி பட்டால் நொறுங்கும். வில்பட்டையில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 வரை. கூரும் வேண்டும், அடி தாங்கும் உரமும் வேண்டும் என்னும் கோடரிக்கு ஏற்றது அதுவே. ஆனால் பல்லாண்டு பாரம் சுமந்த பட்டையில் மயிரிழை வெடிப்பு ஒளிந்திருக்கலாம். அதைத் தேடிப் பார்த்து நீக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டை உலையில் இடவே கூடாது. எழும் புகை நச்சு. தோய்ச்சல் ஏறிய வாயையும் அப்படியே விட்டால் முறியும். மறுபடி மெல்லச் சூடாக்கி, பளபளப்பாக்கிய முனையில் வைக்கோல் நிறம் பழுப்பாகி ஊதாவாகும் வேளையில் நிறுத்துவதே பதம்.

இஃது அனுமானம் அன்று, ஆய்வு! இந்த ஆய்வு நேற்றுப் பிறந்ததும் அன்று. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் உருக்கு செய்த உலைகளும் மூசைகளும் அகழ்வில் வெளிப்பட்டன. சங்கரன்கோவில் அடங்கிய தென்காசி மாவட்டத்திலேயே, திருமலாபுரத்தில் ஈமத்தாழிகளோடு இரும்புக் கருவிகள் கிடைத்துள்ளன. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக 2025 ஜனவரியில் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சேலத்துக் கொல்லர், இரும்புத் துண்டை மண் மூசையில் இட்டு, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து, வாயை மூடி உலையில் வைத்ததை வெள்ளையர் எழுதி வைத்தனர். ஆவாரைக்கு மந்திர ஆற்றல் ஏதும் இல்லை. அது கொடுத்தது கரி! உருக்கு என்ற நம் சொல்லே மேலைநாட்டார் வாயில் 'வூட்ஸ்' ஆயிற்று என்பர். அதனை 1795இல் பியர்சன் ஆய்ந்தார். 1819இல் மைக்கேல் பாரடே ஆய்ந்தார். இரும்புக்கும் உருக்குக்கும் உள்ள வேறுபாடு கரியே எனப் பிரெஞ்சு அறிஞர் மூவர் விளக்கியது 1786இல்தான். அதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே அந்தக் கரியை அளவோடு ஊட்டத் தெரிந்த கை, தமிழன் கை!

பின் ஏன் அந்த உலை அவிந்தது? சீமையிலிருந்து மலிவான உருக்கு வந்து இறங்கியது. காட்டுக் கரி கிடைப்பது அருமையாயிற்று. உண்மைதான். ஆனால் நம் குற்றமும் ஒன்று உண்டு. செய்தவன் எழுதவில்லை, எழுதத் தெரிந்தவன் உலைக்களம் புகவில்லை. கையால் உழைப்பது தாழ்வு, ஏட்டைப் புரட்டுவது உயர்வு என்று பிறப்பை வைத்து வரைந்த கோடு, கைக்கும் ஏட்டுக்கும் நடுவே சுவராயிற்று. செய்த கை மண்ணோடு போனது; அதன் அறிவும் உடன் போனது. மேலைநாட்டிலோ ஆய்வுக்கூடத்து அறிஞன் கொல்லனின் உருக்கைக் கையில் எடுத்தான், கண்டதை அச்சிட்டான், அடுத்தவன் அதிலிருந்து தொடங்கினான்.

சுவர் இன்னும் முழுதும் இடியவில்லை. ஆகவே, கல்லூரி செல்லும் இளைஞனே! உன் ஊர்ப் பட்டறைக்குப் போ. பொறியின் வடிவைப் பார், பதத்தின் நிறத்தைப் பார், ஏன் என்று கேள், கேட்டதை எழுது. அங்கே துருத்தியின் முன் அமர்ந்திருப்பவர் உனக்கு ஆசான். ஆயுத பூசையன்று சம்மட்டிக்குச் சந்தனம் பூசுவதால் அதன் அறிவு வாழாது. அதைப் பிடித்த கையின் அறிவை ஏட்டில் ஏற்றினால் வாழும்!