கடல் கடந்தோர் கதை

வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஆல்ட் 1814ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தார். மறு ஆண்டே மறைந்தார். பின்னர் மெதடிஸ்த சபையார் தெற்கே கல்முனையிலும் பணி செய்தனர்.

முஸ்லிம்கள் மிகுந்து வாழும் அக்கடற்கரைக்கு இஸ்ரவேலர் மீட்சி புதிய கதையன்று. மூஸா நபி பிர்அவ்னிடமிருந்து தம் மக்களை மீட்ட வரலாறு திருக்குர்ஆனில் பலவிடத்தும் வருகிறது. அம்மீட்சியை நினைந்தே முஹர்ரம் பத்தாம் நாள் ஆஷூரா நோன்பு நோற்கப்படுகிறது.

கிறிஸ்தவர் அதில் வேறோர் உட்பொருள் கண்டனர். பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் கிறிஸ்துவையே பஸ்கா பலியென்றார். கடல் கடந்ததை ஞானஸ்நானத்துக்கு ஒப்பிட்டார். பின்வந்தோர் எகிப்தின் அடிமைத்தனத்தைப் பாவத்தின் அடிமைத்தனமாகவும், விடுதலையை ஆன்ம விடுதலையாகவும் விரித்துரைத்தனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் இக்கரையில் கடல் வழிவிடவில்லை. பொங்கியெழுந்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டது. அலை சமயம் பார்க்கவில்லை. கடலுக்குத் தப்பினோர் அனைவரும் கரைசேர்ந்தார் என்று இனி எளிதிற் சொல்லிவிட முடியுமா?

பவுலடிகளும் அவ்வாறு சொல்லவில்லை. கடல் கடந்தோருட் பெரும்பாலார் வனாந்தரத்தில் மடிந்ததை அதே நிருபத்தில் நினைவூட்டுகிறார். கரையேறுதல் விடுதலையின் முடிவன்று. நாற்பதாண்டு நடை அதன்பின்னரே தொடங்கிற்று.