ஒரு பிள்ளை, நாலு பதிவேடு

மன்னவனூரில் பிறக்கும் பிள்ளையின் பெயர் நாலு இடத்தில் ஏறும். நர்சம்மாவின் தாய்சேய்ப் பதிவேடு, வி.ஏ.ஓ.வின் பிறப்புக் கணக்கு, பால்வாடியின் எடைப் பதிவேடு, பிறகு பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேடு. நான் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். போர்டில் அங்கன்வாடி என்று எழுதி எத்தனையோ காலமாயிற்று, ஊர் வாயில் இன்னும் பால்வாடிதான். இந்த மலையில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வந்த கதையை இந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். ஒவ்வொரு பதிவேட்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லாதபோதுதான் பிள்ளைகள் கைநழுவிப் போனார்கள்.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறையைத் தாண்டி இருக்கிற மேல்மலைக் கிராமம். பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ்தான் பிழைப்பு. பூண்டு நடவு வந்தால் பல் பிரிக்கச் சின்ன விரல்கள் வேண்டும் என்பார்கள். உருளை தோண்டினால் பின்னாலேயே பொறுக்கப் பிள்ளைகள் போவார்கள். பெற்றவர்களுக்கு அது கொடுமையாகத் தோன்றவில்லை, அவர்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஆனால் நடவுக்குப் போன பிள்ளைகளில் சிலர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது சென்னை மாகாணம்தான், 1920-ல். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க 1929-ல் சாரதா சட்டம் வந்தது. அதில் பெண்ணுக்கு 14 வயது என்று இருந்தது, 1978-ல் 18 ஆயிற்று. ஆனால் சட்டம் நடக்க வேண்டுமானால் பிள்ளையின் வயது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இங்கே பிரசவம் வீட்டில்தான். பிறப்பைப் பதியப் பலர் போவதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து ஒரு தேதி போடுவார். வயதே நிச்சயமில்லாத ஊரில், வயதை நம்பி எழுதிய சட்டம் என்ன செய்யும்?

மாற்றம் சோற்றிலிருந்து தொடங்கியது. 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் கிராமங்களில் ஆரம்பமானது. 2 வயது முதல் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் மையத்திலும், 5 முதல் 9 வரை பள்ளியிலும் சாப்பாடு. அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல். சோறு போட வேண்டுமானால் தலை எண்ண வேண்டும். தினமும் எண்ணினால் இன்றைக்கு யார் வரவில்லை என்பது தெரிந்துவிடும். வராத பிள்ளையைத் தேடி ஒரு பெண் வீடு வரை நடந்து போவது என்ற பழக்கம் அப்படித்தான் வந்தது.

அடுத்த திருப்பம் 1989-ல். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண உதவித் திட்டத்தில், எட்டாம் வகுப்பு வரை படித்த, 18 வயது நிறைந்த பெண்ணுக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். பணம் வாங்கப் பள்ளிச் சான்றிதழும் வேண்டும், வயதுச் சான்றும் வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கும் சமூக நலத் துறைக் கணக்கும் ஒரே விண்ணப்பத்தில் சந்தித்தன. “எட்டாவது முடிக்கட்டும் டீச்சர், அப்புறம் பார்க்கலாம்” என்று தகப்பன்மார் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் வந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த திட்டம் அது. கர்ப்பிணி என்று எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குழந்தை இருக்கிறதா என்று நர்சம்மாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்துப் பார்க்கும் வழக்கம் அந்தக் காலத்தில்தான் இறுகியது.

இருந்தும் ஓட்டை இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வகுப்புக்கு வராமல் போனாள். ‘நீண்ட நாள் வரவில்லை’ என்று பள்ளியில் எழுதிக்கொண்டார்கள். வீட்டில் வெள்ளையடித்துப் பந்தலுக்கு மூங்கில் இறங்கியதை நான் பார்த்தேன். கீழே ஜவுளி எடுக்கப் போன கதை நர்சம்மாவுக்குத் தெரியும். மூன்று பேருக்கும் மூன்று செய்தி. சேர்த்துச் சொல்ல ஓர் இடம் இல்லை. கல்யாணம் நடந்துவிட்டது.

இது மலைக்கிராமத்துக்கு மட்டும் வந்த கேடு இல்லை. 2000-ம் ஆண்டு லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி, பாதுகாவலர்களின் சித்திரவதையால் இறந்தாள். சமூகப் பணியாளர்கள், போலீஸ், மருத்துவமனை என்று எல்லோரும் அவளைப் பார்த்திருந்தார்கள். அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்று லேமிங் பிரபு தலைமையிலான விசாரணை 2003-ல் சொன்னது. வசதியும் அதிகாரிகளும் நிறைந்த நகரத்திலேயே அலுவலகங்கள் பேசிக்கொள்ளாவிட்டால் பிள்ளை செத்துப்போகும்.

நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கு வழி மெல்ல மெல்லத் திறந்தது. 1996-ல் மும்பையில் தொடங்கிய 1098 என்ற இலவசத் தொலைபேசி நாடெங்கும் பரவியது. 2006-ன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தடுப்பு அலுவலர் என்ற ஒருவரைக் கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் அந்தப் பொறுப்பு மாவட்ட சமூக நல அலுவலருடையது. 2009-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம், மாவட்டத்தில் ஒரு பாதுகாப்பு அலகையும் கிராமத்தில் ஒரு பாதுகாப்புக் குழுவையும் வைத்தது. ஊராட்சித் தலைவர் தலைமையில் ஆசிரியர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், கூடவே பிள்ளைகளின் பிரதிநிதிகள் இரண்டு பேர். 2012-ன் போக்சோ சட்டம் வந்த பிறகு, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தில் எங்களுக்கென்றே எழுதியது போல ஒரு வரி உண்டு. ஆதரவு தேவைப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் நீங்கலாக. பஸ்ஸைப் பிடித்துக் கொடைக்கானல் போய், அங்கிருந்து மலையிறங்கித் திண்டுக்கல் சேர ஒரு பகல் கழிந்துவிடும். அந்தப் பகல் முழுக்கப் பயந்த பிள்ளைக்குப் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருந்தாக வேண்டும். அதைப் போலீஸ் ஜீப் கொடுக்காது, ஊர்தான் கொடுக்கும்.

பிற்பாடு அதே போல இன்னொரு வீட்டில் பந்தல் வேலை நடந்தபோது பள்ளி சார் என்னிடம் கேட்டார், நான் நர்சம்மாவிடம் கேட்டேன், 1098-க்கு அழைத்தோம். சமூக நலத் துறையிலிருந்தும் காவல் நிலையத்திலிருந்தும் வந்து பெற்றோரிடம் பேசி எழுதி வாங்கினார்கள். அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை. அந்த வீட்டார் எங்களோடு பேசவில்லை. அந்தப் பெண் வகுப்பில் இருக்கிறாளா, வீட்டில் அடிபடாமல் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இப்போது ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஏரியைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், தங்கும் இடங்கள் பெருகுகின்றன. முன்பு வயலுக்குப் போன பையன்கள் இன்று அங்கே எடுபிடி வேலைக்குப் போகிறார்கள். தோட்ட வேலைக்கு வெளியூர்க் குடும்பங்கள் வருகின்றன, அவர்கள் பிள்ளைகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே வனத்துறையும் விடுதிக்காரர்களும் தோட்டம் வைத்திருப்பவர்களும் கிராமப் பாதுகாப்புக் குழுவில் வந்து உட்கார வேண்டும்.

குழு காகிதத்தில் இருந்தால் போதாது. ஒவ்வொரு பூண்டு நடவுக்கும் முன்னால் அது கூட வேண்டும். ஆசிரியர் நீண்ட நாள் வராதவர் பட்டியலையும், செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தங்கள் பதிவேடுகளையும் கொண்டுவர வேண்டும். கிராம சபையில் பெயர் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் படிக்க வேண்டும்: எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை, அவர்களில் எத்தனை பேரை வீடு தேடிப் போய்ப் பார்த்தோம் என்று. ரோட்டுக்கும் தண்ணீருக்கும் கணக்குக் கேட்கிற ஊர், பிள்ளைகளுக்கும் அப்படியே எழுந்து நின்று கேட்க வேண்டும்.