ஓய்வையும் பயிற்சியாக்கிய ஓட்ட வீரர்: டாம் லாங்போட்

திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் அஞ்சல் ஓட்டக்காரர்கள் மணி கட்டிய கோலை ஏந்திக் கடிதப் பையோடு ஓடினார்கள். முதல் உலகப் போரில், பிரான்சின் பதுங்குகுழிகளுக்கிடையே அதே தூதுப்பணியைச் செய்தவர் கனடாவின் ஒனொண்டாகா பழங்குடி வீரர் டாம் லாங்போட். ஆதிவாசிப் பிள்ளைகளும் ஓடி வளரும் பாலக்காடு, இடுக்கி மலையோரங்களில் அவர் வரலாறு பேசப்பட வேண்டும்.

ஒன்டாரியோ மாகாணத்தில், பிராண்ட்ஃபோர்டு நகருக்கு அருகே உள்ள பழங்குடிக் குடியிருப்பில் பிறந்தவர் லாங்போட். தாய்மொழியையும் நம்பிக்கைகளையும் துறக்கச் சொன்ன மோஹாக் உறைவிடப் பள்ளியிலிருந்து சிறுவயதிலேயே தப்பி ஓடினார். 1907 ஏப்ரல் 19 அன்று பாஸ்டன் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 24 விநாடியில் வென்றார். அன்றைய பாதை இன்றைய மாரத்தானைவிடச் சற்றுக் குறைவு; ஆயினும் அதே பாதையின் முந்தைய சாதனையை ஏறத்தாழ 5 நிமிட வேறுபாட்டில் முறியடித்தார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பாதி வழிக்கு மேல் ஓடித் தளர்ந்து விலகினார். அதே ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கில் இத்தாலிய ஓட்ட வீரர் டொராண்டோ பியெட்ரியை வென்று தலைநிமிர்ந்தார்.

கடும் ஓட்டம், மெல்லோட்டம், நெடுநடை, ஓய்வு என மாற்றி மாற்றிப் பயின்றது அவர் முறை. பத்திரிகைகள் அதைச் சோம்பல் என்று ஏசின. சோம்பலைப் பழங்குடியினரின் பிறவிக் குணமாகவே எழுதின. கடும் பயிற்சிக்குப் பின் உடல் தேற நாள் கொடுப்பது இன்று உலகெங்கும் பயிற்றுநர்கள் கைக்கொள்ளும் நெறி. தம் உடலை அவர் நன்கு அறிந்திருந்தார். ஏசியவர்களுக்கு அந்த அறிவு கண்ணில் படவில்லை.

1916இல் படையில் சேர்ந்தார். போர்முனையில் இறந்துவிட்டார் என்ற தவறான செய்தி வீட்டை எட்ட, மனைவி மறுமணம் செய்துகொண்டார். உயிரோடு திரும்பியவர் மீண்டும் ஒரு குடும்பத்தை அமைத்து, டொராண்டோ நகரின் துப்புரவுப் பிரிவில் பல ஆண்டுகள் உழைத்தார். புகழ்பெற்றவர் தெரு கூட்டுவதை வீழ்ச்சி என்று எழுதியவர்கள் உண்டு. உழைத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒருவருக்கு அது எவ்வகையில் இழுக்கு? 1949இல் மறைந்தார். 1951 முதல் கனடாவின் பழங்குடி விளையாட்டு வீரர்களுக்கு அவர் பெயரில் விருது வழங்கப்படுகிறது.

நம் பக்கம் பார்த்தால், இடுக்கியின் பிரீஜா ஸ்ரீதரன் 2010 ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்றார். பாலக்காட்டு முண்டூரின் பி.யு. சித்ரா 2017இல் ஆசிய 1,500 மீட்டர் பட்டம் பெற்றார். இம்மண்ணில் ஓட்டத்திறனுக்குக் குறைவில்லை. அட்டப்பாடியின் இருளர் சிறுமிக்கும் இடமலைக்குடியின் முதுவான் சிறுவனுக்கும் காலணியும் சத்துணவும் மைதானமும் கிடைக்கச் செய்வோம். பயிற்றுநர் அவர்கள் மொழியில் பேசட்டும். களைப்பாயிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்பட்டும். லாங்போட்டுக்கு மறுக்கப்பட்ட அந்த நம்பிக்கையை இவர்களுக்கேனும் நாம் தர வேண்டும்.